மூன்று பொத்தான் வைத்த பின்மூளை

உன் பின்மூளை எங்கே இருக்கிறது என்று பரீட்சகர் கேட்டபோது, நெற்றியைத் தொட்டுக் காட்டியவன் நான். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. அது பின்னால் இருக்கிறது என்ற செய்தி அதன் பெயரிலேயே இருக்கிறது. ஒரு எழுத்தும் படிக்காதவனைக் கேட்டிருந்தால் பிடரியைத் தொட்டிருப்பான். நான் இரண்டு வருஷம் கொழும்பில் மருத்துவம் படித்தவன். ஆகவே நெற்றியைத் தொட்டேன். தொட்டதோடு விட்டேனா? இங்கேதான் சேர் என்று இரண்டு தட்டும் தட்டினேன்.

பரீட்சகர் வெள்ளைக்காரர். பொறுமைசாலி. "அப்படியானால் பின்னால் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"கழுத்து, சேர்."

போகலாம் என்று கையைக் காட்டினார்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். எங்களுக்குக் கண்டி டவுனில் துணிக்கடை, கட்டுகஸ்தோட்டையில் வீடு. தோற்றுப்போய் வீட்டுக்கு வந்த அன்று வாப்பா என்னைக் கதிரையில் உட்காரவைத்து விசாரித்தார்.

"என்ன கேள்வியில விழுந்த?"

"பின்மூள எங்க ஈக்கிது எண்டு கேட்டாங்க வாப்பா."

"நீ எங்க காட்டின?"

"நெத்தியில."

வாப்பா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "தொழக்குள்ள சுஜூதுல நெலத்தில வைக்கிற எடம்தானே? அதுல என்ன பிழ?"

குசினிக்குள் இருந்து உம்மாவின் குரல் வந்தது. "புள்ளைக்குப் பின்னுக்கு ஒண்டும் இல்லாட்டி அவன் எங்க காட்டுவான்?"

இரண்டு மாதத்தில் மறுபடியும் எழுதலாம் என்று இருந்தது. வாப்பா அதற்குச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "இந்தத் தரமும் விழுந்தா கொழும்பு வாணாம். கடையில வந்து குந்து."

இதைக் கேட்டு நான் பயந்தேன். ஆனால் என்னைவிட அதிகமாகப் பயந்த ஒரு மனிதர் கட்டுகஸ்தோட்டையில் இருந்தார். அவர் எங்கள் கடையில் துணி வாங்கும் தையல்காரர், ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன்.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. தோற்று வந்த அந்த மாதமே வாப்பா என்னைப் பழக்கத்துக்காகக் கடையில் நிறுத்தினார். கஜக்கோலை வைத்துத் துணியை அளக்கும்போது, கோல் முடிகிற இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பிடித்து, அடுத்த கஜத்தை விரலுக்கு அந்தப் பக்கமிருந்து தொடங்க வேண்டும். நான் இந்தப் பக்கமிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு கஜத்திலும் என் கட்டைவிரலின் அகலம் இரண்டு தரம் அளக்கப்பட்டது. ஒரு கஜத்தில் இது தெரியாது. ஒரு கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தம்பிமார், மச்சான்மார் என்று ஒரே துணியில் கோட்டுத் தைக்க நானா மொத்தமாக வாங்கிய பல கஜத்தில் தெரிந்தது. கடைசி மச்சானின் கோட்டுக்கு முதுகு இல்லை. அவரை நிக்காஹ் முடியும்வரை சுவரோடு சாய்ந்து நிற்கச் சொன்னார்களாம்.

நானாவின் கடை பாலத்துக்குப் பக்கத்தில். ஒரு தையல் மெசின், வருகிறவர்களுக்கு ஒரு கதிரை, கண்ணாடி போட்ட ஒரு அலுமாரி. அலவத்துகொடையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு பேசுகிறவர் என்பதால் அவர் பேச்சில் நீளம் கிடையாது. ஊசி விழுந்துவிடும்.

பரீட்சைக்குப் போடும் கோட்டு இடுப்பில் இறுக்குகிறது என்று ஒரு நாள் அவரிடம் போனேன். தோற்றுப்போனவனுக்கு உடம்பு இளைக்கும் என்பார்கள். எனக்கு ஊறியிருந்தது. கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே நான் புத்தகத்தில் நெட்டுருப் போட்டதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நானா டேப்பை என் இடுப்பில் சுற்றியபடி கேட்டார்.

"என்ன தம்பி ஓதுற?"

"பின்மூள நானா. கருவில அது எப்பிடி உண்டாகுது எண்டு. நூறு தரம் ஓதிட்டன். கண்ணுக்குள்ள ஒண்டும் தெரியுதில்ல."

"எனக்குச் செல்லுங்க பாப்போம்."

சொன்னேன். முதலில் முதுகுப் பக்கத்தில் ஒரு தட்டையான தகடு. அதன் இரண்டு ஓரமும் எழும்பி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு குழாய் ஆகிறது. அந்தக் குழாயின் தலைப்பக்கத்தில் மூன்று உப்பல். மூன்றாவது உப்பல்தான் பின்மூளை.

நானா டேப்பைத் தோளில் போட்டு, மெசினில் கிடந்த ஒரு கால்சட்டையைக் காட்டினார். "துணிய மடிச்சு, ஓரத்த மூட்டினா களிசான் கால். இதுக்கா நூறு தரம்?"

"இன்னம் ஈக்கிது நானா."

"ஆருக்குத் தெய்க்கிற?"

"ஆருக்குமில்ல. பொறக்காத புள்ளைக்கு. அஞ்சு கெழமக் கரு."

"அளவு?"

"முழு ஆளும் ஒரு பட்டாணி."

நானா வாயில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அவர் பேச்சு நீளப்போகிறது என்பதற்கு அது அடையாளம். "தம்பி, நீங்க கடையில குந்தினா எனக்கு ஒரு உருப்படியும் நேரா வராது. நான் அலவத்துகொடைக்குப் போய் மாடு பாக்கணும். உங்கள டாக்டராக்கினாத்தான் எனக்கு நிம்மதி. அந்தப் பின்மூளய நான் தெச்சுத் தாறன். பைக்குள்ள போட்டுக் கொண்டு போங்க. ஆனா அளவெடுக்காம இந்தக் கடையில ஒண்டும் தெச்சதில்ல. ஆளக் கூட்டிக் கொண்டு வாங்க."

கருவைக் கூட்டிக்கொண்டு வர முடியாது என்று அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. கடைசியில் கருவுக்குப் பதிலாக என் தலையை அளப்பது என்று ஒத்துக்கொண்டார். நெற்றியில் இருந்து பிடரி, காதுக்குக் காது, பிடரியில் இருந்து கொலர் என்று அளந்து, பலகையில் தையல் சோக்கால் எழுதினார். எழுதியதை வாசித்தேன். இலக்கங்களுக்குக் கீழே, 'மண்ட பெரிசு, உள்ள தளர்வு' என்று இருந்தது.

ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் களிசானில் மிஞ்சிய காக்கித் துணி கிடந்தது. அதற்குள் கொலருக்கு வைக்கிற விறைப்புத் துணியை வைத்து நானா ஒரு குழாய் தைத்தார். முதுகுப் பக்கத்துத் தையல் மூட்டை மட்டும் நடுவில் கொஞ்ச தூரம் பிரித்துவிடச் சொன்னேன். காரணம், அந்த இடத்தில் மேல்கூரை மெல்லிய ஒரு சவ்வு மட்டும்தான் என்று புத்தகம் சொன்னது.

இனி நான் சொல்வதை நம்புங்கள். ஐந்தாவது வாரமளவில் பின்மூளை நடுவில் மடங்குகிறது. வயிற்றுப் பக்கம் புடைத்து, முதுகுப் பக்கமாக ஒடிந்ததுபோல் மடங்குகிறது. அதனால் சுவர்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, உள்ளே நான்காம் மூளையறை சாய்சதுரமாகிறது. இந்த வசனத்தை நான் இரண்டு வருஷமாக தொழுகைக்குப் பின் கேட்கும் ஒரு துஆவைப்போல் ஓதியிருக்கிறேன், அர்த்தம் தெரியாமலே. நானா குழாயை இரண்டு கையிலும் பிடித்து, பிரித்த மூட்டுப் பக்கமாக ஒரு மடக்கு மடக்கினார். மூட்டின் வாய் அகலமாகத் திறந்து, இரண்டு பக்கமும் கூராகி, அப்படியே ஒரு பட்டம் மாதிரி நின்றது.

"இதானா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேராசிரியர்மார் படம் போட்டும், பலகையில் கீறியும், ஒரு தரம் மேசையில் குத்தியும் காட்ட முடியாததை ஒரு களிசான் கால் காட்டிவிட்டது.

அடுத்தது சிறுமூளை. அந்தச் சாய்சதுரத்தின் மேல் ஓரங்கள் உதடுபோலத் தடித்து, வளர்ந்து, இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்ந்து சிறுமூளையாகின்றன. "இந்த ஓரத்தில எங்க இருந்து நானா இவ்வளவு துணி வரும்?" என்று கேட்டேன்.

நானா சிரித்தார். "தம்பி, சின்னப் புள்ளைகளுக்குப் பெருநாள் சட்ட தெய்க்கக்குள்ள நாங்க என்ன செய்யிற? ஓரத்த மடிச்சு உள்ளுக்கு விடுற. அடுத்த பெருநாளைக்குப் புள்ள வளந்தா பிரிச்சு எறக்குற. வளர்ற புள்ளைக்கு ஓரத்தில துணி விடாதவன் தையல்காரனா?" சொல்லிக்கொண்டே இரண்டு ஓரத்திலும் மடித்து வைத்திருந்த காக்கியைப் பிரித்தார். அதை ஏற்கனவே விட்டு வைத்திருந்தார்! நான் சொல்லவே இல்லை. இரண்டு பக்கத்துத் துணியையும் நடுவில் சேர்த்து மூட்டி, நெருக்கமாகச் சுருக்குப் பிடித்தார். சிறுமூளையின் மடிப்புகள் எப்படியோ, அவர் பிடித்த சுருக்கில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி கவுன் போட்டுக்கொண்டு போகலாம்.

நான் அதை எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "போட்டுப் பாக்காம குடுக்க மாட்டன்."

போட்டுப் பார்ப்பதென்றால், என் கோட்டின் கொலரில் குண்டூசியால் குத்தி, பிடரிக்கு மேலே பின்மூளையைத் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்காகக் கடை வாசலில் என்னைத் திருப்பி நிறுத்துவது. நானா பின்னுக்குப் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் தெருவுக்கு முதுகு காட்டி நின்றேன். அந்த நேரம் பார்த்துத்தானா கண்டிக்குப் போகிற பஸ் அங்கே நின்று ஆள் ஏற்ற வேண்டும்? பஸ் நிறைய ஆட்கள். அரைவாசிப் பேர் எங்கள் கடை வாடிக்கை. பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் உம்மா வாசலில் நிற்கிறார், கண்ணில் நீர். மகனுக்குப் பிடரியில் இரண்டு கை அகலத்துக்குக் காக்கி நிறத்தில் கட்டி வந்திருக்கிறதாம். நான் திரும்பி நின்று கழுத்தைக் காட்டினேன். தடவிப் பார்த்தார். கட்டி இல்லை. ஆனாலும் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஓதி ஊதி, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அந்தத் தண்ணீருக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கலாம். யார் கண்டது?

கடைசி வேலை, கூரை. சாய்சதுரத்துக்கு மேலே மெல்லிய மல் துணி போட்டு மூடியாகிவிட்டது. அதில் மூன்று ஓட்டை வேண்டும் என்று சொன்னேன். கீழே நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

"ஓட்டையா?" நானாவின் முகம் கறுத்தது.

"ஓ நானா. உள்ளுக்குத் தண்ணி ஊறும். அந்த மூணு ஓட்டையாலதான் அது வெளிய போற. போகாட்டித் தல வீங்கும்."

"ஓட்டையோட ஒரு உருப்படி இந்தக் கடையால வெளிய போனா ஆக்கள் என்ன செல்லுவாங்க?"

"மூள அப்பிடித்தான் நானா. நான் வெட்டச் சொல்லல்ல. அல்லாஹ் வச்சது."

நானா ஊசிகளை வாயில் போட்டுக்கொண்டார். நாளைக் காலையில் ரயிலுக்குப் போகும்போது எடுத்துக்கொள் என்று சைகை காட்டினார்.

காலையில் கடதாசியில் சுற்றி, நூல் கட்டித் தந்தார். வழக்கத்துக்கு மாறாக அவசரமாகத் தந்தார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். பேராதெனிய தாண்டிய பிறகுதான் ரயிலில் பிரித்துப் பார்த்தேன். பார்த்ததும் ஒரு தரம் மூடிவிட்டு, மறுபடியும் பிரித்தேன்.

மூன்று ஓட்டையும் இருந்தன. சொன்ன இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் சுற்றிவரத் தைத்த அருமையான பொத்தான் துளையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் பூட்டியிருந்தது. சும்மா பொத்தான் அல்ல. நல்ல கறுப்புக் கொம்புப் பொத்தான், பெரிய மனிதர்களின் கோட்டில் இருக்கிற வகை. ஓட்டையோடு உருப்படி கொடுக்க நானாவுக்கு மனம் வரவில்லை. அதேநேரம் அல்லாஹ் வைத்த ஓட்டையை அடைக்கவும் பயம். இரண்டுக்கும் நடுவே அவர் கண்ட வழி அது.

பிய்த்தால் மல் துணி கிழியும். எதிரே இருந்த வயதான சிங்கள அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தொப்பியா என்று கேட்டார். ஆம் என்றேன். காது மூட நல்லது என்றார்.

பரீட்சை அறையில் அதே வெள்ளைக்காரர். பக்கத்தில் இன்னொருவர், கொழும்பு ஆள், மூக்குக்கண்ணாடி. என் வலது கை கோட்டுப் பைக்குள் பின்மூளையைப் பற்றிக்கொண்டிருந்தது.

"பின்மூளை எங்கே?" வெள்ளைக்காரர் மறக்கவில்லை.

இடது கையால் பிடரியைத் தொட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு கேள்விக்குச் சரியான இடத்தைத் தொட்டிருந்தேன்.

"அது உண்டாகும் விதத்தைச் சொல்லு."

சொன்னேன். பைக்குள் விரல்கள் குழாயைத் தடவின. வாய் அவற்றுக்குப் பின்னால் போனது. தகடு, ஓரம், மூட்டு, மூன்று உப்பல். பின்பக்கமாக மடங்குவதைச் சொல்லும்போது பைக்குள் நானும் மடக்கினேன். சாய்சதுரம் திறந்தது. சிறுமூளைக்கு வந்தபோது கொஞ்சம் தலைகால் தெரியாமல் போய்விட்டேன். "ஓரத்தில் கூடுதலாக விட்டிருப்பார்கள் சேர், அடுத்த பெருநாளைக்கு இறக்குவதற்காக" என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

மூக்குக்கண்ணாடிக்காரர் பேனாவை நிறுத்தினார். "யார் விட்டிருப்பார்கள்?"

"இயற்கை, சேர்."

வெள்ளைக்காரர் அடுத்ததற்குத் தாவினார். "நான்காம் அறையிலிருந்து திரவம் எப்படி வெளியேறுகிறது?"

இதை முதல் தரம் கேட்டிருந்தால் காதால் என்றிருப்பேன். என் விரல்கள் பைக்குள் எண்ணின. ஒன்று. பக்கத்தில் ஒன்று. அந்தப் பக்கத்தில் இன்னொன்று. "மூன்று வழி, சேர். கீழே நடுவில் ஒன்று, பக்கங்களில் இரண்டு."

"நன்று. அவை எதனாலாவது மூடப்பட்டிருக்குமா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். புத்தகம் இல்லை என்றுதான் சொல்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விரலுக்கு அடியில் வழவழவென்று, குளிர்ச்சியாக, மறுக்க முடியாதபடி அது இருந்ததே!

"பொத்தான், சேர்."

மூக்குக்கண்ணாடிக்காரரின் பேனா மறுபடியும் நின்றது.

"உன் பைக்குள் என்ன?" என்றார் வெள்ளைக்காரர்.

முடிந்தது என்று நினைத்தேன். கடை, கஜக்கோல், இனி வரப்போகும் முதுகில்லாத மச்சான்மார் எல்லாரும் என் கண்முன் வந்து நின்றார்கள். வெளியே இழுத்தேன். வரவில்லை. சிறுமூளையின் சுருக்கு பையின் உள்துணியில் மாட்டிக்கொண்டது. பலமாக இழுக்க, பையே மறுபக்கம் திரும்பிக் கோட்டுக்கு வெளியே வந்து தொங்க, அதன் நுனியில் என் காக்கிப் பின்மூளை ஆடியது.

மூக்குக்கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். "இது விதிக்கு விரோதம்."

வெள்ளைக்காரர் அதைக் கையில் வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விதியில் கடதாசி கூடாது என்றுதான் இருக்கிறது. இது காக்கி."

நடுப் பொத்தானை மெதுவாகக் கழற்றினார். துளையால் சுண்டுவிரலை விட்டு நான்காம் மூளையறைக்குள் சுற்றினார். விரலை எடுத்தார். பொத்தானைப் பூட்டினார். குழாயை நிமிர்த்தினார், மடக்கினார், சாய்சதுரம் திறப்பதைப் பார்த்தார், மறுபடி நிமிர்த்தினார். மூக்குக்கண்ணாடிக்காரர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பக்கத்துப் பொத்தானை நான் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். இரண்டு பெரிய மனிதர்கள் என்னை மறந்துவிட்டு ஒரு களிசான் காலுக்குப் பொத்தான் பூட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே தொங்கிய பையை உள்ளே தள்ளிக்கொண்டு நின்றேன்.

"செய்தது யார்?"

"எங்கள் ஊர்த் தையல்காரர், சேர்."

"அவர் மூளையை வெட்டிப் பார்த்திருக்கிறாரா?"

"இல்லை சேர். களிசான்தான்."

"இது இங்கேயே இருக்கட்டும்" என்றார் வெள்ளைக்காரர். அதைத் தன் மேசையில் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்குப் போகலாம் என்று கையைக் காட்டினார். போன தரமும் இதே மாதிரித்தான் காட்டியிருந்தார். அதனால் மறுநாள் பட்டியல் ஒட்டும்வரை நான் சாப்பிடவில்லை. பட்டியலில் மேலிருந்து தேடினேன், இல்லை. நடுவிலும் இல்லை. கடைசி வரியில் இருந்தேன், பாஸ்.

கண்டியில் இறங்கி, வாப்பாவிடம்கூடப் போகாமல், முதல் பஸ்ஸைப் பிடித்துக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். நானாவின் கடைக்குள் ஓடினேன். கதிரையில் கண்டிக் கோர்ட்டில் வழக்குப் பேசும் புரொக்டர் ஒருவர், எங்கள் ஊரில் எல்லாரும் எழுந்து நிற்கிற ஆள், கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டை ஒரு கையால் நெஞ்சோடு பொத்திப் பிடித்திருந்தார். அந்தக் கைக்குக் கீழே, கோட்டின் முன்பக்கத்தில், வரிசையாக மூன்று இடத்தில் நூல் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நான் சந்தோஷத்தில் இருந்தேன், அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

"நானா! பாஸ்! இனி நான் கடையில குந்தமாட்டன், நீங்க மாடு பாக்கப் போகவும் தேவயில்ல! தொர உங்கட பின்மூளய அவர்ட மேசையில வச்சிக்கிட்டாரு. திருப்பித் தரவே மாட்டாராம். மண்டையோட்டுக்குப் பக்கத்தில, நானா, மண்டையோட்டுக்குப் பக்கத்தில! இனி வாற புள்ளைகள் எல்லாம் அதப் பாத்துத்தான் படிப்பாங்க. நீங்க மட்டும் இல்லாட்டி நான் இண்டைக்கு..."

நானா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வெறுங்கையைப் பார்த்தார். வாயில் இருந்த ஊசிகளை எடுக்காமலே கேட்டார்.

"பொத்தான் எங்க?"